கடலில் எரிந்த விளக்கு, கரையில் எரியும் விளக்கு

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் என்றைக்கும் இருந்ததில்லை. ஊரின் பழைய கதையில் பாதி இந்த ஒரு குறையிலிருந்துதான் கிளம்புகிறது. கப்பல் கரையை ஒட்ட முடியாது. அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் சலங்கு என்னும் படகில்தான் கரை சேர வேண்டும். சலங்குக்கு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும், தைத்த படகு நெளிந்துகொடுக்கும். 1736இல் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதத் தொடங்கிய நாட்குறிப்பைப் புரட்டினால், கப்பல் வந்த சேதியும் அதற்குப் போட்ட பீரங்கி வேட்டுகளின் எண்ணிக்கையும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஊரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம்.

பகலில் கொடியும் பீரங்கியும் சேதி சொல்லும். இரவில் விளக்குதான். 1836 ஜூலை 1 அன்று கடற்கரையில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது; இன்று காந்தி சிலைக்கு எதிரே நிற்கும் அதே வெள்ளைக் கோபுரம். 1866இல் அலையைத் தாண்டி இரும்புப் பாலம் நீண்டது. கப்பல் அதற்குப் பிறகும் தள்ளியேதான் நின்றது. பாலத்துக்கும் கப்பலுக்கும் இடையே படகுகள் ஓடின. மின்சாரம் வராத கரையில் நின்றவர்களுக்கு எதிரே ஆடும் கப்பல் விளக்குகள் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்! சைகோனுக்குப் பிழைக்கப் போன பிள்ளையை வழியனுப்பிவிட்டு நின்ற தாய்க்கு அந்த வெளிச்சம் வேடிக்கையாக இருந்திருக்காது.

1952 நவம்பர் புயல் இரும்புப் பாலத்தைச் சாய்த்தது. அதன் தூண்களில் சில இன்னும் தண்ணீருக்கு மேல் தலைகாட்டுகின்றன. தெற்கே 1962இல் வந்த சிமென்ட் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் அலையில் விழுந்தது. பழைய கலங்கரை விளக்கமோ 1979இல் புதியது வந்ததும் ஓய்வுக்குப் போனது.

கட்டுமரத்துக்காரர்கள் அன்று அரிக்கேன் விளக்கோடு போவார்கள். ஒன்றிரண்டு மரங்கள், ஒன்றிரண்டு பொட்டு வெளிச்சம். கரை இருட்டாக இருந்ததால் அது போதும். இன்று வைத்திக்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் வரை எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு இவை பெருகின. இருட்டில் வலை விட்டால் அதன் நுனியில் மிதவையோடு ஒரு பேட்டரி விளக்கைக் கட்டிவிடுகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், சிவப்பும் பச்சையுமாக விட்டுவிட்டுச் சிமிட்டும். தூரத்தில் விசைப்படகு வந்தால் அதன் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் படகு நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். யாரும் ஏற்பாடு செய்யாத விளக்கு ஊர்வலம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் விசைப்படகுகள் கட்டிக்கிடக்க, கடல் பெரும்பாலும் இருண்டு போகும்.

இவ்வளவு வெளிச்சம் இருந்தும் இன்று பார்ப்பவர் குறைவு. கடற்கரைச் சாலையின் மின்விளக்குகள் கண்ணைக் கூச வைக்கின்றன. புத்தாண்டு இரவில் பீச் ரோடு நிரம்பி வழிகிறது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கூட்டம் பாட்டுக்கும் செல்ஃபிக்கும் முகம் காட்டி, கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது. ஜூலை 13 மாலை பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களும் அவர்கள் குடும்பங்களும் காகித விளக்கேந்தி நடந்து வரும் ஊர்வலம் இந்த ஊரில் எஞ்சியிருக்கும் அழகுகளில் ஒன்று. ஆனால் அந்த விளக்குகளும் தெருவோடு நின்றுவிடுகின்றன, தண்ணீரில் இறங்குவதில்லை.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலிலும் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் படகுகளுக்குச் சரவிளக்கு கட்டி அணிவகுத்து விடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் டிசம்பரில் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே படகு போவது ஆற்றிலும் கழிமுகத்திலும், அலை அடங்கிய உள்நீரில். நமக்கு எதிரே இருப்பது திறந்த வங்கக்கடல், அதுவும் வாடைக்காற்று வீசும் மாதத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் நமக்கும் இடையே கரையேறியது. அந்தப் புத்தாண்டுக்கு ஊரில் மின்சாரமே இல்லை.

பழைய காட்சி ஒன்று திரும்பியும் வந்திருக்கிறது. 2022 ஜூனில் கார்டிலியா சொகுசுக் கப்பல் எதிரே வந்து நின்றது. சூதாட்டம் பற்றிய எதிர்ப்பில் அனுமதி கிடைக்காமல் போயிற்று. 2025 ஜூலையில் அதே கப்பல் வந்தபோது பயணிகள் இறங்கினார்கள். எப்படி? கப்பல் தள்ளி நிற்க, சிறு படகுகளில். சலங்குக் காலத்து ஏற்பாடு அப்படியே.

உட்கார்ந்து பார்க்க மணலும் கொஞ்சம் மீண்டிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டியதும் வடக்கே நகரும் மணல் தடைபட்டது. கடற்கரை கரைந்து கருங்கல் குவியலானது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் கடலுக்கடியில் அமைத்த தடுப்பால் காந்தி சிலைப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கேயுள்ள குப்பங்களுக்கு இன்னும் கல்தான். அவர்களை மறந்துவிட்டு இந்த மணலைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

படகு விளக்கு விழா வேண்டுமென்றால் மாசியில் வையுங்கள். மாசி மகத்துக்கு மயிலம் முருகனும் சுற்றுவட்டாரச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் வருகிறார்கள்; ஊர் ஏற்கெனவே கடலைப் பார்த்து நிற்கும் நாள் அது. கடல் அடங்கியிருக்கும், தடைக்காலமும் வந்திருக்காது. மகத்தன்று முழுநிலா, நாலைந்து நாள் தள்ளினால் நிலா ஒன்பது மணிக்கு மேல்தான் எழும், அதுவரை நல்ல இருட்டு. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வம்பாகீரப்பாளையம் படகுகளே ஓடட்டும். எவ்வளவு தூரம் போகலாம், எந்தக் காற்றில் கூடாது என்பதை அந்த மீனவர்களே முடிவு செய்யட்டும். டீசலுக்கும் அன்றைய பிழைப்புக்கும் அரசு பணம் கொடுக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் கடற்கரைச் சாலை விளக்குகளை அணைத்து வைக்க மின்துறையிடம் கேட்க வேண்டும்.