மூச்சிரைப்பும் இல்லறமும்



பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கும், விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்த தாய்மார்களுக்கும், நாற்பது வயதைத் தாண்டியபின் நாட்பட்ட நுரையீரல் நோய் வரலாம். விடாத இருமல், சளி, நாலடி நடந்தாலே மூச்சிரைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். இது ஒட்டிக்கொள்ளும் வியாதி அல்ல. ஆனால் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், காசநோயா என்று அறியச் சளிப் பரிசோதனை அவசியம்.

இந்நோய் மனசையும் வாட்டும். "இனி நான் எதுக்கு லாயக்கு?" என்று கணவர் குமைகிறார். இரைப்புக்குப் பயந்து திண்ணையில் தனியே படுக்கிறார். "அவருக்கு என் மேல பிரியம் விட்டுப்போச்சு" என்று மனைவி மருகுகிறார். இருவரும் வாய் திறப்பதில்லை. மனைவி நோயாளியானாலும் இதே கதைதான்.

தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் நாட்டமில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இது சோம்பலும் அல்ல, கிரகக் கோளாறும் அல்ல. ஆலோசனையாலும் மருந்தாலும் குணப்படுத்தலாம். அந்த மருந்தால் ஆசை குறைந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாம்பத்திய உறவு கூடாதா? பெரும்பாலோருக்குக் கூடும். மாடிப்படி ஏறினாற்போல் இரைக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். நுரையீரல் அதனால் கெடாது.

கவனிக்க வேண்டியவை:

1. டாக்டரைக் கேட்டு, இன்ஹேலர் மருந்தைச் சற்று முன்னதாக உறிஞ்சிக்கொள்ளுங்கள்.

2. வயிறு நிறையச் சாப்பிட்டதும் வேண்டாம். மது அருந்தியும் வேண்டாம். சளியைத் துப்பிவிட்டு, இரைப்பு குறைவான நேரத்தில் சேருங்கள்.

3. நோயாளியின் நெஞ்சில் பாரம் விழக்கூடாது. இருவரும் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

4. இரைத்தால் நிறுத்துங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடுங்கள். அன்று அணைப்போடு நின்றாலும் குறையில்லை.

5. பீடியை விட்டொழியுங்கள். புகை ஆண்மையையும் குறைக்கும்.

6. கடையில் வீரிய மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது உயிராபத்து.

வெட்கப்படாமல் இருவரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். செத்துப்போகலாமா என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்; நோயாளியைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மூச்சு குறையலாம், பேச்சு குறைய வேண்டாம்!