தொட்டி மீனுக்கு விளாவிய தண்ணீர்

மார்கழி பிறந்தால் மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு குழப்பமும் கூடவே பிறக்கிறது. வாராவாரம் மாற்றும் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா, சூடாக்கி ஊற்ற வேண்டுமா? கடைக்காரர் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். இருவருமே வாளியை மட்டும் பார்த்துப் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் சிக்கல். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி, வாளித் தண்ணீர் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, மாற்றப்போவது எத்தனை லிட்டர் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சமவெளியில் உள்ள பெரும்பாலான வீடுகளுக்குச் சூடாக்கும் வேலையே இல்லை என்பது விளங்கும். தண்ணீரைப் பிடித்துத் தேக்கிவைக்கும் வேலை மட்டும் எல்லோருக்கும் உண்டு.

மீனுக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது. சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அதுவே மீனின் உடல் சூடும். செரிமானம், மூச்சு, நோயை எதிர்க்கும் சக்தி எல்லாம் அந்தச் சூட்டையே நம்பியிருக்கின்றன. மெதுவாக இறங்கினால் உடல் பழகிக்கொள்கிறது. சில நிமிடங்களில் இறங்கினால் தடுமாறுகிறது. திடீர்க் குளிர்ச்சிக்குப் பிறகு செதிலெங்கும் உப்புத் தூவியது போல வெண்புள்ளி நோய் தலைகாட்டுவதை மீன் வளர்ப்பவர்கள் அறிவார்கள். ஆனால் வாளியில் இருக்கும் குளிர் முழுவதும் மீனை எட்டுவதில்லை. குளிப்பதற்கு வெந்நீர் விளாவுகிற அதே கணக்குதான் இங்கும். 100 லிட்டர் தொட்டி 27 டிகிரியில் இருக்கிறது. 20 லிட்டரை எடுத்துவிட்டு 22 டிகிரித் தண்ணீரை ஊற்றினால், தொட்டி 26 டிகிரிக்கு வந்து நிற்கும். ஒரு டிகிரி இறக்கம் என்பது கப்பிக்கோ மோலிக்கோ ஏஞ்சலுக்கோ ஒரு பொருட்டே அல்ல. அதே தண்ணீரை 50 லிட்டர் ஊற்றினால் 24.5 டிகிரி. அங்கேதான் யோசிக்க வேண்டும். வாளித் தண்ணீர் மாறவில்லை, ஊற்றும் அளவு மட்டுமே மாறியது.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தொட்டியில் ஹீட்டர் இல்லாத வீட்டில், தொட்டித் தண்ணீரும் அறையின் சூட்டிலேயே இருக்கிறது. அதே அறையில் முந்தைய நாளே பிடித்து வைத்த வாளியும் மறுநாள் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் இடைவெளியே இல்லாதபோது வாளியைச் சூடாக்குவது இல்லாத பிரச்சினையை உண்டாக்குவதாகும். சித்திரை வெயிலில் இது தலைகீழாகிறது. மொட்டை மாடித் தொட்டியில் நாள் முழுக்கக் காய்ந்த தண்ணீர் குழாயில் கொதிப்பது போல வரும். அதை நேராக ஊற்றினால் மார்கழிக் குளிரைவிடக் கேடு, ஏனென்றால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். ஆக, நிழலில் ஒரு நாள் தேக்கிவைத்த வாளி குளிர்காலத்தில் குளிர்ச்சியையும் கோடையில் கொதிப்பையும் தணித்துக் கொடுக்கிறது. அதில் ஓர் ஏர் ஸ்டோனைப் போட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் வெளியேறிவிடும். குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கும் ஊராக இருந்தால் மட்டும் தேக்கிவைப்பது போதாது, அதற்குரிய மருந்தை ஊற்ற வேண்டும்.

“ஆற்றில் இருக்கும் மீனுக்கு யார் வெந்நீர் போட்டார்கள், மழை பெய்தால் குளிரத்தானே செய்கிறது” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தென் அமெரிக்காவின் கோரிடோராஸ் கெளுத்திகளை முட்டையிட வைக்க, மழைக்காலம் வந்துவிட்டது போல வேண்டுமென்றே குளிர்ந்த தண்ணீரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆறு நிறைய தண்ணீரை மழை குளிர்விப்பது கொஞ்சம் கொஞ்சமாக; குளிர் பிடிக்காத மீன் ஆழத்துக்கோ மறைவுக்கோ போய்விட இடமும் இருக்கிறது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் ஓடி ஒளிய இடமில்லை. மற்றொரு வாதம்: தொட்டியில்தான் ஹீட்டர் இருக்கிறதே, ஊற்றிய தண்ணீரை அது சூடாக்கிக்கொள்ளாதா? சூடாக்கும், ஆனால் எப்போது? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். 100 லிட்டர் தொட்டி 2.5 டிகிரி இறங்கிவிட்டால், 100 வாட் ஹீட்டர் அதை மீட்டெடுக்கச் சூடு துளியும் வீணாகாவிட்டால்கூட மூன்று மணி நேரம் ஆகும். ஊற்றி முடிக்க ஆனதோ ஐந்து நிமிடம். மீனைத் தாக்குவது அந்த ஐந்து நிமிட இறக்கம், பிறகு வரும் மெதுவான ஏற்றம் அதைத் திருத்தாது.

அப்படியானால் சூடாக்கியே தீர வேண்டியவர்கள் யார்? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் முதலில். அங்கே தொட்டி ஹீட்டரின் தயவால் 26 டிகிரியில் இருக்கும். வாளி 12 டிகிரியில் இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு மாற்றினாலே மூன்று டிகிரி இறங்கிவிடும். அடுத்து, அமேசான் பகுதியைச் சேர்ந்த டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள். அதற்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். குஞ்சுகளுக்குத் தினமும் பாதித் தொட்டி வரை மாற்றுவார்கள். சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் அன்றாடம். தங்க மீன் வைத்திருப்பவர்களோ இந்தக் கவலையை விட்டுவிடலாம், அது குளிர்நீர் மீன்.

சூடாக்குவது என்று முடிவானால் கீசர் குழாயைத் திறப்பதுதான் முதலில் தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கீசருக்குள் செம்பு பாகங்கள் இருந்தால், வெந்நீரில் செம்பு கரைந்து வர வாய்ப்புண்டு. மீன் ஓரளவு தாங்கினாலும் தொட்டி இறாலும் நத்தையும் தாங்காது. செம்புக் குழாயால் ஆன ஹீட்டர் ராடுக்கும் இதே ஆட்சேபணை பொருந்தும். தவிர, குளிர்ந்த தண்ணீர் சட்டென்று சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று வெளியேறத் துடிக்கும். அடுப்பில் வைத்த பாத்திரம் கொதிப்பதற்கு வெகுமுன்பே அதன் உள்சுவரில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டுகின்றனவே, அந்தக் காற்றுதான். அது தொட்டிக்குள் வெளியேறினால் மீனின் துடுப்பிலும் செவுளிலும் குமிழ் கட்டும். வாளியிலேயே வெளியேறிவிட்டால் தொல்லையில்லை. ஒரு வாளிக்கு நல்ல வழி எவர்சில்வர் பாத்திரமும் அடுப்பும். 22 டிகிரியில் இருக்கும் 20 லிட்டரை 27 டிகிரிக்கு ஏற்ற ஒன்றரை லிட்டருக்கும் குறைவான கொதிநீர் போதும். அதை வாளியில் ஊற்றிக் கலக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கையை விட்டுப் பார்ப்பது சரிப்படாது. 27 டிகிரித் தண்ணீர் நம் கைக்குச் சில்லென்றுதான் இருக்கும், கைக்கு இதமான சூட்டில் மீன் திணறிப்போகும்.

பெரிய டிரம்மில் தேக்கிவைப்பவர்களுக்குத்தான் கண்ணாடி உறை போட்ட மீன் தொட்டி ஹீட்டர் தேவை. செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: 200 லிட்டரை ஐந்து டிகிரி ஏற்ற ஒன்றேகால் யூனிட்கூட ஆகாது, 200 வாட் ஹீட்டர் ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும், கொஞ்சம் கூடவே ஆகலாம். நாள் முழுக்க, வாரம் முழுக்கச் சூடாகவே வைத்திருப்பதுதான் வீண். மாற்றப்போகும் நாளுக்கு முந்தைய இரவு போட்டால் போதும். டிரம்முக்கு மூடி அவசியம். ஒரு லிட்டர் ஆவியாகும்போது அது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், 100 லிட்டர் தண்ணீரை ஐந்து டிகிரிக்கு மேல் குளிர்விக்கக்கூடியது. அதோடு சூடான தண்ணீர் மேலே மிதந்து அடியில் குளிர்ந்தது தங்கிவிடும் என்பதால் ஏர் ஸ்டோனோ சின்ன மோட்டாரோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெர்மாமீட்டர் மேல்மட்டத்தின் கணக்கையே சொல்லும். தண்ணீரை இறைக்கத் தொடங்கும் முன் ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் மட்டம் இறங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சூடான கண்ணாடி வெடித்துவிடும். அணைத்தது மட்டும் போதாது. டிரம்முக்குள் கை விடும் முன் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.