சிங்க் ஆவது வேறு, பத்திரமாக இருப்பது வேறு

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் அடிப்படையில் செய்வது ஒரே வேலைதான். உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் எது மாறினாலும், அந்த மாற்றத்தை இணையச் சேமிப்பகத்துக்கும் அங்கிருந்து உங்கள் மற்ற கணினிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். புதிதாக எழுதியதும் மாற்றம்தான், கை தவறி அழித்ததும் மாற்றம்தான். ரேன்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டினால் அதுவும் மாற்றம்தான். மொத்தமாக அழியும்போது சில சேவைகள் எச்சரிக்கை அனுப்பும். ஒன்றிரண்டு கோப்பு கெட்டுப்போனால் ஒரு சத்தமும் இருக்காது. கெட்டது அப்படியே எல்லாக் கணினிக்கும் போய்ச் சேரும்.

ஆடிட்டர் அலுவலகமாகட்டும், வீட்டுப் பிளான் போட்டுத் தரும் சிறு அலுவலகமாகட்டும், இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்களாகட்டும், “பேக்கப் இருக்கா?” என்று கேட்டால் “டிரைவ்ல இருக்கு சார்” என்றுதான் பதில் வருகிறது. கடிதம், புகைப்படம், பிடிஎஃப் மாதிரியான தனிக் கோப்புகளுக்கு அந்த ஏற்பாடு ஓரளவு தாங்கும். பல கோப்புகள் ஒன்றையொன்று நம்பி நிற்கும் வேலைகளில்தான் ஆபத்து அதிகம். தொழில்நுட்ப வேலை பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

கட்டட வரைபட அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். ஆட்டோகேடில் ஒரு வரைபடத்தைத் திறந்ததும் அந்தக் கோப்பு பூட்டப்படும். பக்கத்திலேயே டிடபிள்யூஎல் என்று முடியும் குட்டிக் கோப்பு ஒன்றும் உருவாகி, வரைபடம் யாரிடம் திறந்திருக்கிறது என்ற குறிப்பை வைத்திருக்கும். அலுவலக சர்வரில் இருக்கும் ஒரே கோப்பை இரண்டாவது ஆள் திறக்கப் போனால், படிக்க மட்டுமே முடியும் என்று தடுத்துவிடும். சிங்க் ஃபோல்டரில் இந்தக் காவல் கிடையாது. அங்கே ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி நகல் இருக்கிறது. ஒரு கணினியில் போட்ட பூட்டு அடுத்த கணினியைக் கட்டுப்படுத்தாது. இன்ஜினியர் தன் வீட்டில் தூண்களை நகர்த்திச் சேமிக்கிறார். அதே நேரம் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் கதவு, ஜன்னல்களை மாற்றிச் சேமிக்கிறார். இரண்டையும் இணைக்க மென்பொருளுக்குத் தெரியாது. டிராப்பாக்ஸ் ஒன்றுக்கு ‘முரண்பட்ட நகல்’ என்ற பொருளில் பெயர் வைக்கும்; ஒன்டிரைவ் கணினியின் பெயரை வாலில் ஒட்டும். இப்போது இரண்டு வரைபடம் இருக்கிறது, இரண்டுமே முழுமை இல்லை. அவசரத்தில் எது கண்ணில் பட்டதோ அது பிரின்ட் ஆகி சைட்டுக்குப் போகும். கம்பி கட்டும் மேஸ்திரிக்கு அது பழைய தூண் என்று எப்படித் தெரியும்?

இன்னொரு சிக்கல் எக்ஸ்ரெஃப். ஒரு வரைபடத்துக்குள் வேறு வரைபடங்களை இணைக்கும்போது முழு முகவரியோடு இணைத்திருந்தால், அதில் அந்தக் கணினியின் யூசர் பெயரும் சேர்ந்துவிடும். அடுத்தவர் கணினியில் அந்த முகவரியே இருக்காது. வரைபடம் திறக்கும், பாதியைக் காணோம். சார்பு முகவரியில் இணைப்பதுதான் தீர்வு. இதைப் புதிதாகச் சேரும் டிராஃப்ட்ஸ்மேனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கணக்கு மென்பொருளில் ஆபத்து இன்னும் ஆழமானது. டேலியில் ஒரு கம்பெனியின் கணக்கு என்பது ஒரு கோப்பு அல்ல, ஒரு ஃபோல்டர் நிறையக் கோப்புகள். ஒரு வவுச்சரைச் சேமிக்கும்போது அவற்றில் பல சேர்ந்தே மாறுகின்றன. சிங்க் செயலிக்கு அவை ஒரே கணக்கின் பகுதிகள் என்று தெரியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றும். கணக்குப்பிள்ளை பற்று எழுதி, வரவு எழுதும் முன் பேரேட்டைப் படமெடுத்து அனுப்புவது போன்றதுதான் இது. மறுமுனையில் பாதி புதியது, பாதி பழையது போய்ச் சேர்ந்தால் கணக்கு திறக்காமல் போகலாம். திறந்து, தவறான தொகை காட்டினால் அது அதைவிட மோசம். பல செயலிகளுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளமும் இப்படித்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் கெடக்கூடும் என்று அதை உருவாக்கியவர்களின் ஆவணமே எச்சரிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு சிங்க் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். மென்பொருளின் பேக்கப் வசதியில் எடுத்த, தேதியிட்ட நகலை மட்டும் மேலே ஏற்றுங்கள்.

புரோகிராமர்களுக்கு இது தெரியாததல்ல, ஆனாலும் செய்கிறார்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியத்தில் எந்தப் பகுதியையும் கிளவுட் சிங்க்கில் வைக்க வேண்டாம், கெட்டுப்போகலாம் என்று கிட் தன் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. களஞ்சியத்தை கிட்ஹப், கிட்லேப் மாதிரியான இடத்துக்கு ‘புஷ்’ செய்வதுதான் முறை. ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் ஒன்றின் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் பல்லாயிரம் சிறு கோப்புகள் சேர்ந்துவிடும். ஒன்டிரைவுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் பரிந்துரை மொத்தம் 3 லட்சம் கோப்புகளுக்கு மேல் வேண்டாம் என்பது. முகவரி நீளத்துக்கும் 400 எழுத்து வரம்பு உண்டு. லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் மட்டும் தனித்து நிற்கும் இரண்டு கோப்புகள் விண்டோஸுக்கு வந்தால் மோதிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரிகிற கோப்பு கணினியில் இருக்கிறதா என்பதும் இன்று உறுதியில்லை. இடம் மிச்சப்படுத்த, கோப்பின் பெயரை மட்டும் காட்டிவிட்டு, திறக்கும்போது இறக்கிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. நீல மேகக் குறி இருந்தால் அது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. நெட் இல்லாத சைட்டில் லேப்டாப்பைத் திறந்தால் கையில் ஒன்றுமிருக்காது. விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களே ஒன்டிரைவுக்குள் நகர்த்தப்பட்டிருக்கலாம். “ஆன்லைன்ல இருக்கே, இடத்தை அடைக்குது” என்று கணினியில் அழித்தால் ஆன்லைனிலும் அழியும். இந்த ஒரு தவறில் போன ஃபோல்டர்கள்தான் ஏராளம்.

சேவை தருபவர் பக்கமே தவறு நடப்பதும் உண்டு. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் செயலியில் ஏற்பட்ட கோளாறால், மாதக்கணக்கான கோப்புகளைக் காணோம் என்று பலர் புகார் செய்தார்கள். கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலியின் உள் ஃபோல்டரை அழிக்காதீர்கள் என்று கூகுள் அப்போது கேட்டுக்கொண்டது. மீட்புக் கருவி பிறகு வந்தது. தென்கொரியாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பரவியது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் என்ற அரசு கிளவுட் அதில் எரிந்துபோனது. இருந்தது 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப் இல்லை. எல்லாவற்றையும் அதில் மட்டுமே வைத்த துறைகளுக்குப் பல ஆண்டு வேலை ஒரே இரவில் போயிற்று.

இழப்பு வந்தால் சட்டம் யார் பக்கம்? டிராப்பாக்ஸின் நிபந்தனைகளைப் படித்தால், இழப்பீடு 20 டாலர் அல்லது இப்போதைய சேவைத் திட்டத்துக்கு நீங்கள் கட்டிய தொகை, இதில் எது அதிகமோ அதோடு முடிகிறது. மற்றவர்களின் நிபந்தனைகளும் அவரவர் பொறுப்பைச் சுருக்கத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இலவச சேவையைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. 15 ஜிபி இலவச கணக்கை நம்பித் தொழில் நடத்துகிறவர் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும். பணம் கட்டியவருக்கு வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நியாயமான காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்க இடம் தரும் நிபந்தனையை, நியாயமற்ற ஒப்பந்தம் என்று மாநில ஆணையத்தில் எதிர்க்கலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்குப் பயன்படுத்துபவர் அதைப் புகாரிலேயே தெளிவாக எழுத வேண்டும்.

கணக்கையே முடக்கிவிட்டால், இலவசக் கணக்காக இருந்தாலும், தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-இன்படி அந்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதலாம். பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. யாராவது உள்ளே புகுந்து அழித்திருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து, அந்த ஒப்புகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு போய்விட்டது என்பதால் உங்கள் கடமை போய்விடாது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும். கம்பெனிகளுக்கு அது 8 நிதியாண்டு. மின்னணுக் கணக்கேடுகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்பதும் 2022 திருத்தத்துக்குப் பிறகு கம்பெனி கணக்கு விதிகளில் இருக்கிறது. “டிரைவ்ல இருந்துச்சு, போயிடுச்சு” என்ற பதிலை எந்த அதிகாரியும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி தந்த கணக்கு கல்லூரியுடையது; படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். வரம்பில்லாமல் தந்துகொண்டிருந்த கல்விக் கணக்குகளுக்கு, 2022 முதல் நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்று கூகுள் வரம்பு வைத்தது. அதன்பிறகு இடத்தைக் காலி செய்யச் சொல்லும் அழுத்தம் நிர்வாகங்களுக்கு இருக்கிறது. நால்வர் சேர்ந்து செய்யும் புராஜெக்டில் ஃபோல்டரின் உரிமையாளர் ஒருவர்தான். அவர் கணக்கு மூடினால் அவருக்குச் சொந்தமான கோப்புகள் மற்ற மூவருக்கும் கிடைக்காமல் போகும். 2 ஆண்டு தொடாத தனிநபர் கணக்கை அழிக்கும் உரிமையையும் கூகுள் வைத்திருக்கிறது. விடைபெறும் முன் டேக்அவுட் வசதியில் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏதோ தவறு என்று தெரிந்த உடனே செய்ய வேண்டியது, எல்லாக் கணினியிலும் சிங்க்கை நிறுத்துவது. அணைத்து வைத்திருந்த ஒரு லேப்டாப்பில் பழைய நகல் இருக்கலாம். அதை நெட் இல்லாமல் திறந்து, முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உலாவி வழியாகக் குப்பைத்தொட்டியையும் பழைய பதிப்புகளையும் பாருங்கள். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கு, தனிநபர் ஒன்டிரைவ் எல்லாவற்றிலும் 30 நாள் கெடு. அலுவலக, கல்லூரி ஒன்டிரைவில் 93 நாள். ஆண்டு முடிவில் மட்டும் திறக்கும் கோப்பு கெட்டது தெரிவதற்குள் இந்தக் கெடு முடிந்திருக்கும் என்பதால், இதை மட்டும் நம்ப முடியாது.

அதனால்தான் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, தேதியிட்ட ஃபோல்டரில் நகலெடுங்கள். நகல் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டும். ஒன்று அலுவலகத்திலும் மற்றது வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். நகலெடுக்கும் முன் மேகக் குறி போட்ட கோப்புகள் எல்லாம் உண்மையில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகுங்கள். பேக்கப்பை மீட்டெடுத்து, டேலியில் கம்பெனி திறக்கிறதா, டிரையல் பேலன்ஸ் அசலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வரைபடம் என்றால் எக்ஸ்ரெஃப் ஒவ்வொன்றும் வருகிறதா என்று பார்த்து, பார்த்த தேதியை டிஸ்க்கின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.