திருமழிசை: வரப்பில் நடந்தவர்களும் 'வாக்கிங்' போகிறவர்களும்

முதுமையை விரட்டும் ஆசை திருமழிசைக்குப் புதிதல்ல. இவ்வூரில் பிறந்த திருமழிசை ஆழ்வார் அருந்தியது போக மிஞ்சிய பாலைக் குடித்த கிழத் தம்பதிக்கு இளமை திரும்பியது, அவர்களுக்கு, பின்னாளில் ஆழ்வாரின் சீடனான கணிகண்ணன் பிறந்தான் என்கிறது வைணவ குருபரம்பரைக் கதை. அந்தப் பாலின் இடத்தில் இன்று ஹெல்த் மிக்ஸ் டப்பா, சர்க்கரைக்கொல்லிப் பொடி, கருஞ்சீரக எண்ணெய்.

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர் இது. நெல் விளைந்த காலத்தில் இங்கே 'உடற்பயிற்சி' என்று யாரும் தனியாக எதையும் செய்யவில்லை. வேப்பங்குச்சியால் பல் விளக்கி, நீராகாரமோ கேழ்வரகுக் கூழோ குடித்து வரப்பில் இறங்கினால், நடவும் களையெடுப்பும் தண்ணீர்க் குடமும் உடம்பை விடாது. பொழுது சாய்ந்ததும் சாப்பாடு, விளக்கணைந்தால் தூக்கம். சனிக்கிழமை ஆண்களுக்கும் வெள்ளிக்கிழமை பெண்களுக்கும் எண்ணெய்க் குளியல். இதை ஞானம் என்று கொண்டாடத் தயக்கமாக இருக்கிறது. வேறு வழி இல்லாததால் அப்படி வாழ்ந்தார்கள். மண்ணெண்ணெய்க்குக் காசு இல்லாத வீட்டில் சீக்கிரம் தூங்குவது ஒழுக்கமா என்ன?

நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. இன்று அது 70ஐ ஒட்டி நிற்கிறது. தடுப்பூசியும் பிரசவ மருத்துவமும் சுத்தமான குடிநீரும் தந்த ஆயுள் அது. 'அந்தக் காலத்தில் நோயே கிடையாது' என்பவர்கள், அந்த வீடுகளில் பிறந்து பிழைக்காத குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் நீண்ட ஆயுளோடு வேறொன்றும் வந்தது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இவ்வூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் பார்க்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். வண்டியில் போய், மெஷின் முன்னால் நின்று, இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் புரோட்டா சாப்பிட்டுத் தூங்கினால், உடம்பின் கடிகாரம் எதை நம்பும்? 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதையை அரசே வகுத்துத் தர வேண்டியிருந்தது. நாற்று நட்ட பாட்டிக்கு இதைச் சொன்னால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

கூழின் கதை சுவையானது. ஏழை வீட்டுத் தினச் சாப்பாடாக இருந்தது, பிறகு ஆடியில் அம்மன் கோயிலில் முருங்கைக்கீரையோடும் கருவாட்டுக் குழம்போடும் ஊற்றுகிற பிரசாதமாகச் சுருங்கியது. இப்போது கூழ் வண்டியில் சொம்பு சொம்பாக மருந்துபோல விற்கிறது. வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் மாவாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகு சீக்கிரம் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அன்று குடித்தவர் அதை வயலில் எரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பவருக்கு அது மருந்தாகாது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவதோ அதைவிட ஆபத்து. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை இங்கே இடம் மாறி, செப்டம்பர் இறுதிவரை சென்னைக்கே காய் இங்கிருந்து போனது. அந்தக் கொரோனா ஊரடங்கில் கபசுரக் குடிநீர் கொதித்தது, மொட்டை மாடியில் குடும்பமே நடந்தது, இரவுச் சாப்பாடு வீட்டிலேயே நேரத்துக்கு முடிந்தது. கம்பெனிகள் திறந்ததும் பெரும்பாலும் எல்லாம் கலைந்துபோயின. யாருக்கும் மன உறுதி குறைந்துவிடவில்லை; நேரம்தான் கையை விட்டுப் போனது.

அன்றைய வாழ்வில் திரும்ப எடுத்துக்கொள்ளத் தக்கவை சாதாரணமானவை: சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிட நடை, இரவுச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளுவது, ஊறுகாய் அப்பளத்தில் கை குறைப்பது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உப்பு, நாளுக்கு 5 கிராமுக்குள். ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கிற ஊரில் எங்கே நடப்பது? இங்கே துணைநகரம் வரும் என்று 2011 முதல் பேச்சு இருக்கிறது. அதற்குக் காத்திருக்காமல் பேருந்து நிறுத்தத்திலிருந்து தொழிற்பேட்டை வரை மரநிழலோடு, வண்டி ஏறாத நடைபாதை ஒன்றை அரசு போடட்டும். ஷிப்ட் முடிந்து வருகிறவர் அதில் நடந்தே வீட்டுக்குப் போவார்.