நகத்தில் ஏறும் சேற்றுப்புண்

பெரும்போக மழை இறங்கிவிட்டால் படுவான்கரையில் யார் காலிலும் செருப்பு இருக்காது. விதைப்பு, வரம்பு கட்டுதல், புல்லுப் பிடுங்குதல் என்று ஐப்பசி தொடங்கித் தை வரை பாதங்கள் வட்டைத் தண்ணீரிலேயே ஊறுகின்றன. விரலிடுக்கு வெளுத்து, வெடித்து, இரவில் அரிக்கும். சேற்றுப்புண்தானே, அறுவடையோடு மாறிவிடும் என்று நாம் விட்டுவிடுகிறோம். பலருக்கு மாறுவதில்லை. பெருவிரல் நகத்தின் நுனி மஞ்சளாகித் தடித்து, உமி போல உதிரத் தொடங்கும்.

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே பங்கசுதான். தோலிலும் நகத்திலும் உள்ள கெரற்றின் எனும் புரதமே அதன் உணவு. விரலிடுக்கில் பெருகி, நகத்தின் அடியில் புகுந்துவிடும். எந்நேரமும் தண்ணீரில் கைவைத்து மீனும் இறாலும் கழுவும் பெண்களுக்குக் கைவிரலில் வரும் நீண்டகால நகச்சுற்றில் வேறொரு வகைப் பங்கசும் சேர்ந்துகொள்வதுண்டு.

2007 ஆம் ஆண்டு எமது மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்க நேர்ந்தது. ஒரு சோடிச் செருப்பை மூன்று பேர் மாற்றிப் போடுவதும், ஒரே நகவெட்டி கூடாரம் கூடாரமாகச் சுற்றுவதும் முகாமில் இருந்தவர்களுக்குப் புதிதல்ல. நோய் பரவ இதைவிட வசதி வேண்டியதில்லை. வறுமையில் பகிர்ந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செருப்பையும் நகவெட்டியையும் துவாயையும் இனியாவது ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

விரலிடுக்குப் புண்ணுக்குக் குளோற்றிமசோல் களிம்பு போதும். புண் மறைந்த பின்னும் இரண்டு கிழமை பூச வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். கடையில் கேட்டு வாங்கும் சில கலப்புக் களிம்புகளில் ஸ்டெரொயிட் இருக்கும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பங்கசோ உள்ளே பரவும். அவற்றை வைத்தியர் சொல்லாமல் பூசக் கூடாது.

நகத்துக்குள் போய்விட்டால் களிம்புக்கு வேலையில்லை, தடித்த நகத்தை அது ஊடுருவாது. வழக்கமாகக் கொடுக்கப்படுவது ரெர்பினாபின் மாத்திரை. கைநகத்துக்கு 6 கிழமை, கால்நகத்துக்கு 12 கிழமை. இங்கேதான் மனம் தளர்கிறது. மாத்திரை பங்கசைக் கொல்லுமே தவிர, கெட்டுப்போன நகத்தைத் திருத்தாது. புது நகம் அடியிலிருந்து வளர்ந்து பழையதைத் தள்ள வேண்டும். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். ஆகவே முழுதாக மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். முதல் மாதத்திலேயே "மருந்து பிடிக்கவில்லை" என்று நிறுத்துவது காசுக்கும் கேடு, நகத்துக்கும் கேடு.

இந்த மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கவும் கூடாது. ஈரல் நோயுள்ளவர்கள், தினம் சாராயம் குடிப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் வைத்தியரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தடித்த நகங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் பங்கசு காரணமல்ல. பழைய காயமாகவோ சொரியாசிஸ் எனும் தோல் நோயாகவோ இருக்கலாம். அதனால் முதலில் நகத்துண்டைப் பரிசோதிப்பது நல்லது.

மருதோண்டி அரைத்துக் கட்டும் வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஊறிய தோலுக்கு அது இதமாக இருக்கும். நகத்துக்குள் மட்டும் இறங்காது. பிளேட்டால் நகத்தைத் தோண்டுவதோ ஆபத்தானது, சலரோகம் உள்ளவர்களுக்கு மிகவும் ஆபத்தானது. அவர்களுக்குச் சிறு வெடிப்பே காலை எடுக்கும் புண்ணாக மாறக்கூடும்.

வெடித்த தோல் எலிக்காய்ச்சலுக்கும் வாசல். 2008 இல் இலங்கையில் 7000 பேருக்கு மேல் அந்நோய்ச் சந்தேகத்தில் பதிவானார்கள். காலில் வெடிப்போடு வயலில் இறங்குபவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிய வேண்டும்.

முழங்கால் சேற்றில் பூட்ஸ் போட்டு நடக்கச் சொல்பவர்கள் வட்டையில் இறங்கியவர்கள் அல்லர். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கால் கழுவி, விரலிடுக்கை உலர்ந்த துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விடுவது எவராலும் முடியும்.

கிளினிக்குக்குப் போக எண்ணுபவர்கள் நகத்துக்கு மருதோண்டியோ கியூடெக்ஸோ பூசாமல் போங்கள். நிறம் மறைந்திருந்தால் வைத்தியரால் நகத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. முன்பு பூசிய களிம்பின் குழாயையும் கையோடு கொண்டு போங்கள்.