அம்மா சொன்னா சரி!

“அம்மா சொன்னா சரி” என்று வளர்ந்த பிள்ளை சொன்னால் நமக்குப் பெருமைதான். கூடவே, இதுக்குச் சொந்தப் புத்தியே இல்லாமல் போயிடுமோ என்ற பயமும் வருகிறது. தானே தேர்ந்தெடுத்த காரியத்தில்தான் மனிதனுக்கு ஊக்கம் பிறக்கும் என்று மேல்நாட்டு மனோதத்துவக்காரர்கள் வெகுகாலம் சொல்லி வந்தார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் ஷீனா ஐயங்கார். கனடாவில் சீக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர், பார்வை இழந்தவர். மார்க் லெப்பருடன் சேர்ந்து 1999-இல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு, கலைந்த எழுத்துக்களைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு. சிலரை இஷ்டப்பட்டதை எடுக்கச் சொன்னார்கள். சிலருக்கு, நடத்திய பெண்மணியே எடுத்துக் கொடுத்தார். மற்றவர்களிடம், அம்மா இதைத்தான் செய்யச் சொன்னார் என்றார்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் தாங்களே எடுத்தபோது நன்றாகச் செய்தார்கள். அம்மா பேரைச் சொன்னதும் சுணங்கிவிட்டார்கள். சீன, ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளைகளோ, அம்மா சொன்னது என்றபோதுதான் எல்லாரையும்விட நன்றாகச் செய்தார்கள்! ஆனால் பாருங்கள், முன்பின் தெரியாத பெண்மணி எடுத்துக் கொடுத்தபோது அவர்களுக்கும் அந்த ஊக்கம் இல்லை. யார் சொன்னாலும் தலையாட்டுகிற பிள்ளைகள் இல்லை அவர்கள். அம்மாவைத் தங்களில் பாதியாக வைத்திருப்பவர்கள்.

இது பிறவிக்குணமும் இல்லை. மைசூரிலும் அமெரிக்காவிலும் ஜோன் மில்லர் செய்த ஆராய்ச்சி 1984-இல் வந்தது. ஒருவர் செய்த காரியத்துக்குக் காரணம் கேட்டால், அமெரிக்கப் பெரியவர்கள் அவர் குணத்தையே அதிகம் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் அவருடைய சூழ்நிலையை, உறவு முறையைச் சொன்னார்கள். 8 வயதுப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. வளர வளரத்தான் கூடியது. அடுப்படியிலும் திண்ணையிலும் நாம் பேசுவதைக் கேட்டுத்தானே பிள்ளை வளர்கிறது!

எங்கள் ஆதிச்சநல்லூரில், போன வருஷம் என் மகள் பத்தாவது முடித்தாள். சயின்ஸ் குரூப்தான் என்று அவள் ஆச்சி ஒரே பிடிவாதம். “பொட்டப்புள்ள வாழைத்தார் மண்டியிலா கணக்கு எழுதப் போறா?” என்றார்கள். மகளோ, “நீ சொன்னா சரிம்மா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தச் ‘சரி’ எனக்குச் சரியாகப் படவில்லை. உனக்கு எது பிடிக்கும் என்று நேராகக் கேட்டால் நம் பிள்ளைகள் வாய் திறக்காது. இரண்டு நாள் விட்டுவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில், “நாளைக்கே பள்ளிக்கூடம் திறந்தா எந்தப் புஸ்தகத்தை முதல்ல பிரிப்பே?” என்றேன். “கணக்குப்பதிவியல்” என்று உடனே பதில் வந்தது.

அத்தையிடம், “நான்தான் காமர்ஸ் எடுக்கச் சொன்னேன்” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகள் சேர்ந்துவிட்டாள். கேட்கிறவர்களிடமெல்லாம், “எங்கம்மாதான் எடுக்கச் சொன்னாங்க” என்கிறாள், இப்போது தலை நிமிர்ந்து.