தீம் பார்க் போகும் முன்

குடும்பத்தோடு தீம் பார்க் போவதென்று முடிவானதும் முதலில் எடுக்க வேண்டியது அளவு நாடா. டிக்கெட் விலை, ராட்டினங்களின் எண்ணிக்கை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, செருப்பில்லாமல் உயரம் அளந்து குறித்துக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்துவிடும். பல பூங்காக்களில் குழந்தைக்கு டிக்கெட் உண்டா, அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்பதை வயது தீர்மானிப்பதில்லை, உயரம்தான் தீர்மானிக்கிறது. எந்த ராட்டினத்தில் ஏறலாம் என்பதும் அப்படியே.

இந்த உயரக் கணக்கைப் பெற்றோர் பலர் வெறும் கெடுபிடியாக நினைத்து, வாசலில் நிற்கும் ஊழியரிடம் மன்றாடுகிறார்கள். விதிக்குக் காரணம் இருக்கையின் அமைப்பில் இருக்கிறது. ரோலர் கோஸ்டர் வண்டி மேட்டின் உச்சியைத் தாண்டிச் சரியும் நொடியில் உடல் இருக்கையை விட்டு மேலெழும்பப் பார்க்கும். அப்போது ஆளைப் பிடித்து வைத்திருப்பது தோள்மேல் இறங்கும் கம்பியும் தொடைமேல் அமரும் தடையும்தான். அவை ஒரு குறிப்பிட்ட உடலளவுக்கு மேற்பட்டவர்களைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. அதைவிடச் சிறிய உடலென்றால் கம்பிக்கும் மார்புக்கும் இடையே இடைவெளி விழும். பிள்ளை அதன் வழியே நழுவிவிடலாம். எவ்வளவு துணிச்சலான பிள்ளையானாலும் அந்த இடைவெளி குறையாது. தடித்த அடி வைத்த செருப்பைப் போட்டு ஓரிரு சென்டிமீட்டரை ஏமாற்றுவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைப் பூங்காக்கள் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரம் வரிசையில் நின்று, முகப்புக்கு வந்தபின் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் அழுகை அந்த நாளையே கெடுத்துவிடும்.

பெரியவர்களுக்கும் வரம்பு உண்டு. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து வலி உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் வேகமான ராட்டினங்களைத் தவிர்க்க வேண்டும். தாத்தா பாட்டியும் உடன் வருவதென்றால் நிழலும் உட்காருமிடமும் உள்ள பூங்காவாகப் பார்ப்பது நல்லது. பைகளுக்குக் காவலாக ஒருவரை நாள் முழுவதும் உட்கார வைப்பது நம் குடும்பங்களில் சகஜம். பெரும்பாலும் அது அம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கும். லாக்கர் வாடகைக்கு எடுத்தால் அந்தக் காவலே தேவையில்லை.

போகும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். காணும் பொங்கலன்றும் கோடை விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் அலைமோதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி மின்னல் வந்தால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். எந்தப் பூங்கா என்பதைப் பொறுத்தவரை, சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.யும் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்.மும் பல வருடப் பழக்கம். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லாவும் திறக்கப்பட்டது. கோவைப் பக்கத்தவர்களுக்கு மேட்டுப்பாளையம் அருகே, நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது.

உள்ளே போனபின் நேரத்தை விழுங்குவது வரிசை. அதன் நீளத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ராட்டினத்தில் 20 இருக்கை. ஆளேற்றி, கம்பியைச் சோதித்து, சுற்றி, இறக்கிவிட 4 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 300 பேர் ஏறலாம். முன்னால் 150 பேர் நின்றால் அரை மணி நேரம். அதே நீள வரிசை 10 இருக்கை ராட்டினத்துக்கென்றால் ஒரு மணி நேரம் ஆகும். இருக்கை குறைந்த, பேர்போன ராட்டினங்களைக் கதவு திறந்ததும் முடித்துவிடுவது இதனால்தான் புத்திசாலித்தனம். காலையில் எல்லோரும் வாசலுக்கு அருகிலுள்ள ராட்டினத்தில்தான் போய்க் குவிவார்கள். பூங்காவின் கடைக்கோடியிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் காத்திருப்பு குறைவு.

காலையில் உலர் ராட்டினங்கள், உச்சி வெயிலில் தண்ணீர் என்ற வரிசை நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தம். ஈர உடையோடு உலர் ராட்டினங்களில் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள் என்பதால், முறையை மாற்றினால் இரண்டு தடவை உடை மாற்ற வேண்டிவரும். நைலான், லைக்ரா போன்ற துணிகளைத்தான் நீர்ச்சறுக்கில் அனுமதிக்கிறார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், அதன் நூலிழைகள் வடிகட்டியில் போய் அடைக்கும். சேலை, துப்பட்டா, ஊக்கு, கொலுசு, வளையல் எதுவும் சறுக்குக்கு ஆகாது. நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனால் கவலையில்லை.

தண்ணீருக்குள் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். அலைக்குளத்தில் ஆழமான முனையிலிருக்கும் இயந்திரங்கள் காற்றின் அழுத்தத்தால் நீரைத் தள்ளி அலை எழுப்புகின்றன; அலை தொடங்கியதும் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் நகரும். உயிர்காப்பாளர் நின்றாலும் அத்தனை தலைகளுக்கு நடுவே மூழ்கும் ஒரு குழந்தை சட்டென்று கண்ணில் படாது, சத்தமும் போடாது. சிறு பிள்ளை எப்போதும் பெரியவர் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அந்தப் பெரியவர் யார் என்பதும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். எல்லோருடைய செல்போனும் லாக்கருக்குள் போய்விடும் என்பதால், பிரிந்தால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று சொல்லிக்கொள்வது அவசியம். காலையிலேயே பிள்ளைகளை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், காணாமல் போனால் ஊழியரிடம் காட்ட உதவும்.

வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பூங்காக்கள் உள்ளே விடுவதில்லை; கைக்குழந்தைக்கான உணவும் மருந்தும் மட்டும் விலக்கு. பகல் பதினொன்றரைக்கே சாப்பிட்டால் உணவகத்தில் நெரிசல் இருக்காது. சாப்பிட்டதும் சுழலும் ராட்டினத்தில் ஏறினால் குமட்டும். தண்ணீரிலேயே இருப்பதால் தாகம் தெரியாது, உடலில் நீர் குறைவதும் வெயில் தோலைச் சுடுவதும் நிற்காது. மணிக்கொரு தரம் தண்ணீரோ மோரோ குடிக்கக் கொடுக்க வேண்டும்.

கார் ஓட்டுகிறவருக்கு மாலையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். நாள் முழுக்க வெயிலிலும் நீரிலும் கிடந்த களைப்பு, பின்னிருக்கையில் எல்லோரும் தூங்கிவிட்ட இரவுப் பயணத்தில்தான் கண்ணை இழுக்கும். கடைசி ராட்டினம் வரை காத்திருக்காமல் மூடுவதற்கு முன்பே கிளம்பினால், வண்டி நிறுத்துமிடத்தின் நெரிசலும் மிச்சம், இருட்டில் ஓட்டும் தூரமும் குறைவு. அதுவும் முடியாதென்றால் வாடகைக் கார் அமர்த்திக்கொள்வதே நல்லது.